ஆழத்து மீனைத் திருப்பி விடாதே

மாப்ள,

நவம்பரில் நீ எழுதியதற்கு நான் பதில் போடவில்லை. தப்புதான். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நெட்டையன் அதே கெளுத்திக் கதையை இன்னும் விடவில்லை. மார்ச்சில் டாலஸ் வருகிறானாம், நீயே வாங்கிக் கட்டிக்கொள்.

உன் இரண்டாவது கடிதத்தைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில், 154-ஆம் நெடுஞ்சாலைப் பாலத்தடியில், 32 அடி ஆழத்தில் ஒன்பது கிராப்பி மீன் பிடித்தாய். சின்னதாக இருந்த ஆறையும் தண்ணீரிலேயே விட்டுவிட்டாய். புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்திருப்பாய். அந்த ஆறில் பெரும்பாலானவை செத்திருக்கும்டா.

கிராப்பியின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் வழி கிடையாது. கெண்டை போலக் காற்றை வாய்வழியே வெளியே விட அதற்குத் தெரியாது. ரத்தத்தின் வழியாக மெதுவாகத்தான் குறைக்க முடியும். நன்னீரில் 34 அடி ஆழத்தில் இருக்கும் அழுத்தம், மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கிருந்து அரை நிமிடத்தில் சுருட்டி மேலே கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் காற்றும் இரண்டு மடங்கு விரியும். கண் பிதுங்கும், இரைப்பை வாய்வழியாக எட்டிப்பார்க்கும். நீ விட்டதும் வாலை அடித்துக்கொண்டு உள்ளே போனதுபோலத் தெரிந்திருக்கும். கொஞ்ச தூரத்தில் மல்லாந்து மிதந்திருக்கும்.

அதற்காகத்தான் அந்த ஏரியில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை தனி விதி வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று மாதமும் குறைந்தபட்ச நீளம் கிடையாது. பிடித்த கிராப்பி எதுவானாலும் கூடைக்குத்தான், ஒரு நாளைக்கு 25, அதோடு நிறுத்திவிட வேண்டும். மற்ற மாதங்களில் 10 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டாக வேண்டும். உனக்குப் பாஸ் மீன் பிடித்த பழக்கம் கையில் ஊறியிருக்கிறது. அங்கே பாஸ் என்றால் 16 அங்குலத்துக்கு மேல் 24-க்குள் இருப்பதைக் கட்டாயம் விட வேண்டும், நீயும் ஒழுங்காக விட்டாய். அதே கையால் இதையும் விட்டுவிட்டாய். கிளம்பும் முன் படகுத்துறைப் பலகையை ஒரு முறை படித்துவிடு, விதிகள் மாறக்கூடியவை. பொடிசாகவே வருகிறதா, தூண்டிலை எடுத்துக்கொண்டு வேறு இடம் போ. பொறுக்கி எடுக்கும் வேலை ஆழத்தில் செல்லாது.

சரி, "சோனாரில் மீன் கொத்துக்கொத்தாகத் தெரிகிறது, மூன்று மணி நேரமாக ஒன்றும் தொடவில்லை" என்று புலம்பியிருந்தாயே, அதற்கு வருகிறேன். உன் ஜிக், அதாவது ஈயத்தலை வைத்த அந்தப் போலி இரை, மீனுக்குக் கீழே போயிருக்கும். இதை நான் பந்தயம் கட்டிச் சொல்வேன். கிராப்பியின் கண் மேல்நோக்கி இருக்கிறது, வாயும் மேலே சாய்ந்து திறக்கிறது. தலைக்கு மேலே இருப்பதைத்தான் பார்க்கும், எழும்பித்தான் தின்னும். ஜனவரித் தண்ணீரில் அதற்குப் பசியும் குறைவு, உடம்பும் மந்தம்; கீழே தொங்கும் இரைக்காகத் தலையைக் குனியவே குனியாது. மீன் 22 அடியில் என்றால் ஜிக் 21-இல் நிற்க வேண்டும்.

அந்த ஒரு அடியை எப்படிப் பிடிப்பது? நரம்பு சுற்றிய ரீலிலிருந்து தூண்டில் கம்பின் முதல் வளையம் வரை உள்ள தூரத்தை டேப்பால் ஒரு முறை அளந்து வை. ஒன்றரை அடி என்று வந்தால், நரம்பைக் கையால் 14 முறை இழுத்துவிட்டால் 21 அடி. முதல் மீன் அகப்பட்டதும் அந்த ஆழத்தில் நரம்பின்மேல் ஒரு நூல் முடிச்சுப் போட்டுக்கொள். அடுத்த முறை எண்ண வேண்டாம், முடிச்சு கம்பு நுனிக்கு வந்ததும் நிறுத்து.

6 பவுண்டுக்கு மேல் தாங்கும் நரம்பு வேண்டாம். தண்ணீர் தெளிவாக இருந்தால் 4. ஜிக் 1/16 அவுன்ஸ் போதும். காற்று தள்ளினால் மட்டும் 1/8. நீ வாங்கி வைத்திருக்கும் பெரிய ரப்பர் மீன்களைப் பாஸுக்கே வைத்துக்கொள், இதற்கு ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம்.

இப்போது ஜிக்கில் நரம்பைக் கட்டும் முடிச்சு. யாரும் சொல்லித்தராத விஷயம் இது, ஆனால் குளிர்காலத்தில் பாதி வித்தை இதில்தான். ஜிக் தண்ணீரில் படுக்கைவசமாக, நீந்தும் மீன்போல நிற்க வேண்டும். முடிச்சு, ஜிக்கில் நரம்பு கட்டும் வளையமான கண்ணியின் முன்பக்கம் நழுவினால் தலை மேலே, வால் கீழே என்று செங்குத்தாகத் தொங்கும். செத்த இரை அப்படித்தான் தொங்கும், மந்தமாக இருக்கும் மீன் அதைச் சீண்டாது. ஒவ்வொரு மீன் எடுத்த பிறகும், ஒவ்வொரு முறை கிளையில் மாட்டி இழுத்த பிறகும் முடிச்சை விரலால் கண்ணியின் உச்சிக்குத் தள்ளு. இரண்டே நொடி வேலை. இதை மறந்துவிட்டுத்தான் ஆட்கள் நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இறக்கிய பிறகு ஆட்டாதே. உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும், ஹாஸ்டலிலேயே பார்த்தவன். கம்பை அப்படியே பிடி. நீ அசையாமல் பிடித்தாலும் படகின் ஆட்டமும் உன் மூச்சும் ஜிக்கை அசைத்துக்கொண்டேதான் இருக்கும். இருபது நொடி வரை பொறு, பிறகு அரை அடி மட்டும் உயர்த்து, மறுபடி பொறு. கடியும் இழுப்பாக வராது. கீழேயிருந்து எழும்பி வந்து வாயில் வாங்கும், அப்போது எடை போய் நரம்பு தொய்யும். ஜிக் திடீரென்று கனமிழந்ததுபோல் தோன்றினால் அதுதான் கடி. அதனால் கண் நரம்பின்மேல் இருக்கட்டும், சோனார் திரையில் வேண்டாம். வெட்டி இழுக்காதே, உதடு காகிதம் மாதிரி கிழிந்துவிடும். கம்பை உயர்த்தினாலே போதும். ரீலின் பிடியைத் தளர்த்தி வை, கைவலையை அருகில் வை.

நார்தர் என்ற குளிர்ந்த வடகாற்று அடித்த மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். அன்றைக்கு மீன் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். 1980-இல் அணை முடிந்தபோது பெரும்பாலான மரங்களை வெட்டாமல் மூழ்கவிட்ட ஏரி அது; பழைய ஓடையின் விளிம்பில் நிற்கும் மரத்தில் ஒவ்வொரு கிளையையும் ஒட்டி இறக்கு. அன்று ஜிக்கைக் கழற்றிவிட்டு உயிருள்ள மின்னோ என்ற பொடி மீனை மாட்டிப்பார். கீழுதட்டிலிருந்து மேலுதடு வரை குத்து, முள்ளுக்கு ஓரடி மேலே சிறு ஈயம். மெல்லிய கம்பி முள்ளாகப் பார்த்து வாங்கு. மரத்தில் மாட்டினால் இழுத்ததும் நிமிர்ந்து வந்துவிடும், வளைத்துச் சரிசெய்யலாம்.

இன்னொன்றும் கற்றுக்கொள்ளச் சொல்வேன். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்தால் பிற்பகலில் படகுத்துறைகளின் அடியில் மீன் ஒதுங்கும். அங்கே வீச முடியாது. ஜிக்கின் தலையைப் பிடித்து, முள்முனை விரலைவிட்டு விலகியிருக்கும்படி வைத்துக்கொண்டு, கம்பை வில்லாக வளைத்து விடு. ஜிக் தண்ணீரை ஒட்டிப் பாய்ந்து பலகைக்கடியில் இருட்டுக்குள் போய் விழும். நரம்பை விரலால் பிடித்துக்கொண்டு, ஜிக்கை விட்ட மறுகணம் அந்த விரலை எடுக்க வேண்டும். அந்தக் கணக்குத்தான் வரவேண்டும், வீட்டு வாசலில் நாற்காலிக்கடியில் பழகலாம். இதில் மீன் ஆழமற்ற தண்ணீரில் இருப்பதால் காற்றுப்பைத் தொல்லையும் இல்லை. ஆனால் பிப்ரவரி முடியும்வரை விதி அங்கேயும் அதேதான்.

தனியாகப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே உட்கார், இருக்கைக்கடியில் வைக்காதே. கில் ஸ்விட்ச் கயிற்றை, அதாவது இன்ஜினை அணைக்கும் அந்தச் சிவப்புக் கயிற்றை, உடம்பில் மாட்டு. 45 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீரில் விழுந்தால் கை சீக்கிரமே மரத்துப்போகும், படகில் ஏற முடியாது. மூழ்கிய மரங்களுக்கிடையே குறித்துவைத்த படகு வழியை விட்டு விலகாதே. இதில் மட்டும் உன்னிடம் கெஞ்சத் தயார்.

குழம்பு வைத்தால் சதை உதிர்ந்துவிடுகிறது என்று தங்கச்சி சொன்னாளாம். மென்மையான சதை அது. துண்டுகளாக அறுத்து, மஞ்சள், மிளகாய்த்தூள், அரிசி மாவு புரட்டி வறுக்கச் சொல். 25 மீனும் வேண்டாம், எட்டு பத்துடன் கிளம்பு. அடுத்த சனிக்கிழமை போனால் எத்தனை அடியில் கிடைத்தது, தண்ணீர் எத்தனை டிகிரி, இரண்டையும் எழுதி அனுப்பு.

உன்
பழைய அறைத்தோழன்