ஏழு வயது வரை விளையாடட்டும்

அன்பு மகளுக்கு, அப்பச்சி எழுதுவது.

ஆத்தாவும் நானும் சௌக்கியம். நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருக்கும் பின்லாந்தில் ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு, காரைக்குடியில் அந்த வயதுப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே என்று உனக்குக் கவலை. முப்பத்தாறு வருஷம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், பேத்தி நன்றாக விளையாடட்டும்.

அங்கே 1979 முதல் ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும். 1948 முதல் எல்லாப் பிள்ளைக்கும் பள்ளியில் இலவசச் சாப்பாடு. ஒரு பிள்ளை பின்தங்கினால், பரீட்சை வரட்டும் என்று விட்டுவிடாமல் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பல நாட்டு மாணவர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பீசா (PISA) தேர்வு முதன்முதலாக 2000-இல் நடந்தபோது வாசிப்பில் முதலிடம் வந்தார்கள். அப்புறம் மதிப்பெண் இறங்கியது உண்மைதான். ஆனாலும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் யோசிக்காமல் பிள்ளையைச் சேர்க்க முடிகிறதே, எனக்கு அதுதான் பெரிசு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரே அறையில் இரண்டு வகுப்பு. கடைசி வரிசையில் ஒரு பையன், பதினோரு மணியானால் தண்ணீர் குடிக்கப் போகணும் என்பான். வந்து பத்து நிமிஷத்தில் மறுபடியும் கேட்பான். பாடத்துக்குத் தப்பிக்கிறான் என்று அதட்டினேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் தண்ணீரால் வயிற்றை நிரப்புகிறான் என்று அவன் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. இன்றைக்கும் மனசு உறுத்துகிறது, மகளே.

காமராஜர் காலத்து மதிய உணவு எல்லாப் பிள்ளைக்கும் எட்டவில்லை. 1982 ஜூலையில் சத்துணவு வந்தது. அலுமினியத் தட்டில் சோறும் சாம்பாரும். சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அதே பையன் ஊருணிக்கரைப் பலகையின் முன்னால் நின்று, விரலை வைத்து எழுத்துக்கூட்டினான்: "இங்கு துணி துவைக்கக் கூடாது." முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தானே, அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

இப்போது காலையிலும் பொங்கலோ கிச்சடியோ போடுகிறார்கள். 2022-இல் மதுரையில் தொடங்கியது, மறு வருஷம் நம் ஊருக்கும் வந்துவிட்டது. சரி, வயிறு நிறைகிறது. ஆனால் வாத்தியாரைத் தேர்தல் வேலைக்கும் கணக்கெடுப்புக்கும் அனுப்பிவிட்டு, மீதி நேரம் பதிவேடு எழுதச் சொன்னால், கடைசி வரிசைப் பிள்ளையை யார் பார்ப்பது? வசதி உள்ளவர்கள் வேனில் ஏற்றி வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊர்ப் பள்ளிக்காகக் கேள்வி கேட்க ஆள் குறைந்துபோகிறது.

நம் காரைக்குடிக்குக் கல்விக்காக வாரிக் கொடுத்த வள்ளல் அழகப்பர் கிடைத்தார், 1947-இல் கல்லூரி வந்தது. எல்லா ஊருக்கும் ஓர் அழகப்பர் கிடைப்பாரா? அரசாங்கம்தான் செய்யணும், நல்ல ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து வகுப்பிலேயே இருக்க விடணும்.

பேத்தி பள்ளியில் சேர்ந்ததும், தடுமாறும் பிள்ளைகளை எத்தனை பேராக உட்காரவைக்கிறார்கள், எப்படி ஆரம்பிக்கிறார்கள் என்று அவள் டீச்சரிடம் கேட்டு எனக்கு விவரமாக எழுது. இங்கே புதிதாக வந்திருக்கும் டீச்சர் பெண்ணிடம் காட்டணும். ஆத்தா மாவுருண்டையும் சீப்புச் சீடையும் கட்டிவைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பச்சி