முயல் கறிக்கும் ஒரு முத்திரை கொடுங்கள்

சென்னையில் இறைச்சி விற்பதையும் சமைப்பதையும் கண்காணிக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொளத்தூர் பக்கம் ஒரு சின்ன மெஸ் நடத்துகிறேன். நானும் என் மாமியாரும், கூட ஒத்தாசைக்கு இரண்டு பேர், அவ்வளவுதான். வாரநாளில் சாப்பாடு, மீன் குழம்பு, முட்டைப் பொரியல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முயல் குழம்பும் முயல் மிளகு வறுவலும். மூன்று வருஷமாக ஞாயிறு காலை பத்து மணிக்கே தூக்குவாளியோடு ஆள் வந்து நிற்கும். இரண்டு வாரமாக வாசலில் முயல் குழம்பு என்று எழுதின பலகையைத் திருப்பி வைத்திருக்கிறேன். என்ன நடந்தது என்று உங்களில் சிலருக்குத் தெரியும். வந்தவர்கள் யார், எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை, யார் மேலும் நடவடிக்கை கேட்டு இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான். பண்ணையில் வளர்த்த முயலை முறையாக அறுத்து, கால்நடை மருத்துவர் பார்த்து, ஆட்டுக்குக் குத்துவது போல ஒரு முத்திரை குத்தித் தர இந்த ஊரில் ஒரு இடம் காட்டுங்கள்.

அன்றைக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினொன்றரை மணி இருக்கும், குழம்பு இறக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு பேர் உள்ளே வந்து, இங்கே காட்டு முயல் சமைப்பதாகப் புகார் என்றார்கள். சரி, பாருங்கள் சார் என்று உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழைக் காட்டினேன், பண்ணைக்காரர் எழுதிக் கொடுத்த பில்லைக் காட்டினேன். பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் ஒருவர். இன்னொருவர், முயல் என்று எப்படி நம்புவது, தோலை உரித்துவிட்டால் பூனையும் இப்படித்தானே இருக்கும் என்றார். இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்லை. சாப்பிட வருகிறவர்களே கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் பண்ணைக்காரரிடம் சொல்லி, ஒவ்வொரு முயலிலும் ஒரு பின்னங்காலை ரோமத்தோடு விடச் சொல்லி, ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் அந்தக் கால்களை ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருப்பேன். அந்த டப்பாவைக் கொண்டுவந்து திறந்தேன். பன்னிரண்டு கால்கள். ஏழு வெள்ளை, ஐந்து சாம்பல். சாம்பல் நிறத்தைப் பார்த்ததும், இதோ காட்டு முயல் என்று சொல்லிவிட்டார்கள்.

அது சோவியத் சின்சில்லா. இறைச்சிக்காக வளர்க்கிற பண்ணை முயல் இனம், ரோமம் சாம்பலாகத்தான் இருக்கும். காட்டு முயலுக்குப் பிடரியில் கறுப்பாக இருக்கும், மேல் ரோமம் பழுப்பாக இருக்கும், இது அது இல்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். 'சீல் எங்கேம்மா?' என்றார். சீல் எங்கே வாங்குவது சார் என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. அப்புறம் ஃபினாயில் பாட்டிலைத் திறந்து குழம்புச் சட்டியில் ஊற்றினார்கள், வறுவலிலும் ஊற்றினார்கள், குழந்தைகளுக்கென்று தனியாக வதக்கி வைத்திருந்த ஈரல் கிண்ணத்தையும் விடவில்லை. சாம்பிள் எடுக்கவில்லை. ஒரு காகிதம்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு முயல் என்றால் கறி பன்னிரண்டு கிலோ. உயிர் எடையில் பாதிதான் கறியாக நிற்கும். பண நஷ்டத்தை நான் இழுத்துக் கட்டிக்கொள்வேன். என் மாமியார் அந்தக் கறிக்காகக் காலை நாலரை மணிக்கு எழுந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முயலில் கொழுப்பு ரொம்பக் குறைவு, அதனால் ஆட்டுக்கறி மாதிரி குக்கரில் போட்டு ஆறு விசில் விட்டால் நார் நாராகிப் போய்விடும். முதுகுத் துண்டின் மேல் ஒரு வெள்ளைச் சவ்வு இருக்கும், அதைக் கத்தி முனையால் நெம்பி ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். தயிரும் மஞ்சளும் தடவி இரண்டு மணி நேரம் ஊறணும். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயம், கல்பாசி, அம்மியில் தட்டின மிளகு சீரகம். தொடைத் துண்டுகளை முதலில் போட்டு, அது பாதி வெந்த பிறகுதான் முதுகுத் துண்டு. மண்சட்டியில் சின்னத் தீயில் வேக வேண்டும், கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, சட்டியைப் பிடித்துக் குலுக்கத்தான் வேண்டும். அறுபத்தெட்டு வயசில் அதைச் செய்கிறார். அவர்கள் போன பிறகு அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், மறுநாள் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்தார். மண்சட்டி ஒருமுறை ஃபினாயிலைக் குடித்துவிட்டால் அது போகாது. பதினோரு வருஷம் பழகின சட்டி, இப்போது கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது.

சட்டம் எனக்கு எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பிறந்த ஊர் வேடசந்தூர் பக்கம். பொங்கல் முடிந்த கையோடு முயல் வேட்டைக்குப் போகிறது அங்கே வழக்கம். என் தாத்தா இரண்டு நாய்களோடு போவார், சின்ன வயசில் நானும் காட்டு முயல் தின்றிருக்கிறேன். கறி கருஞ்சிவப்பாக இருக்கும், தொடை விறைப்பாக இருக்கும். பண்ணை முயல் கறி கோழிக்கறி மாதிரி வெளிறி இளஞ்சிவப்பாக இருக்கும். பச்சைக் கறியாகப் பார்த்தால் விவரம் தெரிந்தவர்கள் நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம், மசாலா ஏறின பிறகு முடியாது. வனத்துறை அபராதம் போட ஆரம்பித்ததும் தாத்தா நாய்களைக் கட்டிப்போட்டார், முதலில் கோபப்பட்டார், அப்புறம் கரட்டில் முயலே கண்ணில் படுவதில்லை என்று அவரே சொன்னார். காட்டு முயல் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, 2022-ல் திருத்தம் வந்த பிறகு இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். என் மெஸ்ஸில் அது ஒருநாளும் அடுப்பேறினதில்லை.

ஆனால் நம் மொழியில் இரண்டுக்கும் முயல் என்று ஒரே சொல்தான். காட்டில் ஓடுவது வேறு பிராணி, குட்டி போடும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் போடும். பண்ணையில் இருப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த இனம், குட்டி கண் திறக்காமல் ரோமம் இல்லாமல் பிறக்கும், 31 நாளில் ஈனும், மூன்று மாதத்தில் இரண்டு கிலோ வரும். நீலகிரியில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்திலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கிற மத்திய அரசு நிலையத்திலும் இந்த இனங்களை வைத்திருக்கிறார்கள், விவசாயிகளுக்கு வளர்க்கக் கற்றும் கொடுக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் ஆடு, மாடு, பன்றியோடு வளர்ப்பு முயலும் இறைச்சிக்கான விலங்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வளர்க்கலாம், சமைக்கலாம், விற்கலாம். எங்கே அறுப்பது என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

நான் கேட்காமல் இல்லை. பெரம்பூர், சைதாப்பேட்டை, வில்லிவாக்கம் என்று மாநகராட்சிக்கு ஆட்டுத்தொட்டிகள், அதாவது ஆடு அறுக்கும் கூடங்கள், இருக்கின்றன, ஆட்டை மருத்துவர் பார்த்துத் தொடையில் முத்திரை குத்துகிறார்கள், அந்த முத்திரையைப் பார்த்துத்தான் நம் வீட்டில் கறி வாங்குகிறோம். போன வருஷம் ஒரு ஆட்டுத்தொட்டிக்குப் போய், முயல் கொண்டுவந்தால் பார்ப்பீர்களா என்று கேட்டேன். சிரித்தார்கள். வேறொரு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே இன்னொரு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், மூன்றாவது இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள், கொடுத்தேன், எட்டு மாசம் ஆகிறது. அதனால் என் பண்ணைக்காரர் திருத்தணி பக்கத்திலிருந்து ராத்திரி மூன்று மணிக்கு அங்கேயே அறுத்து, ஐஸ் போட்டு வண்டியில் கொண்டுவருகிறார். வெயில் முயலுக்கு ஆகாது, மே மாசத்தில் கொட்டகையைச் சுற்றி ஈரச் சாக்கு தொங்கவிட்டுத்தான் உயிரோடு காப்பாற்றுகிறார். இவ்வளவும் செய்துவிட்டு, திருடன் மாதிரி விடியும் முன் இறக்கிவிட்டுப் போகிறார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வாரத்துக்கு நாலு பேராவது எனக்கு போன் செய்து, பண்ணை முயல் வேண்டாம், காட்டு முயல் கிடைக்குமா, கௌதாரி கிடைக்குமா, காட்டுப்பன்றி வற்றல் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். படித்தவர்கள், நல்ல வேலையில் இருக்கிறவர்கள். இல்லை, அது குற்றம் என்று சொன்னால், பரவாயில்லை, வாட்ஸ்அப்பில் ஒருத்தர் தருகிறார் என்று வைத்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலை ஓரம் கண்ணி வைத்து இரண்டு கௌதாரி பிடித்துத் தொங்கவிட்டு நிற்கிற ஏழையைப் பிடிப்பது சுலபம். அவனிடம் முன்பணம் கொடுத்து, கார் டிக்கியில் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவரை யாராவது நிறுத்திக் கேட்டதுண்டா? காட்டு இறைச்சியை எந்த மருத்துவரும் பார்ப்பதில்லை, என்ன நோயில் செத்தது, எத்தனை நாள் ஆனது என்று தெரியாது, அதை ருசிக்காகவும் பெருமைக்காகவும் தின்கிறார்கள். அந்த ஆட்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். பில், பதிவு, கால் டப்பா எல்லாம் வைத்திருக்கிற என் அடுப்பில்தான் ஃபினாயில் விழுகிறது. கோபமாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள், ஆனால் இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வழி இல்லாமல் இல்லை. காடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் காடைக்கும் 2011-ல் வன உயிரினச் சட்டத்தைக் காட்டிச் சிக்கல் வந்தது, பண்ணைக்காரர்கள் தவித்தார்கள், பிறகு அது தீர்ந்தது. இன்றைக்கு நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று நம் கால்நடைப் பல்கலைக்கழகமே ரகம் உருவாக்கியிருக்கிறது, தெருவுக்குத் தெரு காடை வறுக்கிறார்கள், யாரும் அதைக் கௌதாரி என்று சொல்லிக் கொட்டுவதில்லை. வளர்ப்பது எது, காட்டில் வாழ்வது எது என்று பிரித்துச் சொன்னதால்தான் அது நடந்தது. முயலுக்கும் அதையே கேட்கிறேன்.

சாம்பிள் விஷயத்துக்கும் வருகிறேன். 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் 2,000 கிலோவுக்கு மேல் கறி பிடிபட்டதும், நாய்க்கறி என்று ஊரே பேசியதும், கடைசியில் கால்நடை மருத்துவக் கல்லூரிச் சோதனையில் ஆட்டுக்கறி என்று வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். முடிவு வருவதற்குள் எத்தனை பிரியாணிக் கடையில் அண்டா காலியாகாமல் நின்றது! அந்தக் கல்லூரி வேப்பேரியிலேயே இருக்கிறது, என் மெஸ்ஸிலிருந்து ஒரு பஸ் தூரம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி சாம்பிளை நாலு பங்காகப் பிரித்து சீல் வைக்க வேண்டும், நான் கேட்டால் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சந்தேகம் வந்தால் எடுங்கள், தாராளமாக எடுங்கள், முடிவு வரும்வரை கடையை மூடு என்று சொன்னால்கூட மூடுகிறேன். சோதிக்காமல் கொட்டாதீர்கள்.

ஆகவே உங்களைத் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். புதுசாகக் கட்டடம் வேண்டாம். இருக்கிற ஆட்டுத்தொட்டி ஒன்றில் ஒரு மேடை, வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை விடியற்காலை இரண்டு மணி நேரம் போதும். முயலை உயிரோடு கொண்டுவருகிறோம், எந்த இனம் என்று ரோமத்தோடு உங்கள் மருத்துவரே பார்க்கட்டும், அறுத்த பிறகு ஈரலைப் பார்க்கட்டும், முத்திரை குத்தி ஒரு சீட்டு கொடுக்கட்டும். கட்டணம் என்ன சொன்னாலும் கட்டுகிறோம். என்னைப் போல முயல் சமைக்கிற மெஸ்கள் இன்னும் இருக்கின்றன, அவர்களும் கட்டுவார்கள் என்று பேசி வைத்திருக்கிறேன். முத்திரை இல்லாத முயலை விற்றால் அதற்குப் பிறகு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள்.

என் பண்ணைக்காரரிடம் இப்போது நாற்பது முயல் விற்காமல் நிற்கிறது. தீபாவளி வரைக்கும் பார்க்கிறேன், அப்புறம் கூண்டுகளை விற்றுவிடுவேன் என்கிறார். அத்தை போன வாரம் மானாமதுரைச் சட்டி ஒன்று வாங்கிவரச் சொல்லி, அரிசிக் கஞ்சி ஊற்றிப் பழக்கிக்கொண்டிருக்கிறார். எந்தச் சனிக்கிழமை, எந்த ஆட்டுத்தொட்டி என்று மட்டும் தெரியப்படுத்துங்கள். முதல் ஆளாக வந்து நிற்கிறேன்.

வணக்கத்துடன்,
கொளத்தூரில் மெஸ் நடத்தும் ஒருத்தி