மழை நின்ற பிறகுதான் ஆபத்து: வானிலைச் செய்தியில் உறையும் நேரமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிக்காலப் புயல்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிடும் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். எத்தனை சென்டிமீட்டர் பனி விழும், காற்று எவ்வளவு வேகமாக வீசும் என்பவற்றையெல்லாம் அவை தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் பனி கொட்டும் புயலுக்குச் சற்றும் குறையாத ஆபத்துடைய வேறொரு புயல் உண்டு. தரையில் ஏற்கெனவே பனி கிடக்கையில் திடீரென வெப்பம் ஏறி, பலத்த காற்றோடு மழை பெய்து, கிடந்த பனி உருகி, அந்த நீர் வடிந்து முடிவதற்குள் கடுங்குளிர் திரும்பி வந்து எல்லாவற்றையும் உறைய வைத்துவிடுகிற புயலைச் சொல்கிறேன். இத்தகைய நாள்களில் நம் வானிலைச் செய்தி மழையோடு முடிந்துவிடுகிறது. மக்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதுவதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் நடக்கின்றன.

அன்றைய உச்ச வெப்பநிலை 8 டிகிரி செல்சியஸ், தாழ்ந்த வெப்பநிலை மைனஸ் 9 டிகிரி என்று அச்சிட்டால் தகவலில் பிழை ஏதும் இல்லை. எனினும் அதைப் படிப்பவர், மிதமான ஒரு பகலையும் வழக்கமான ஒரு குளிர் இரவையும்தான் மனத்தில் கொள்வார். உண்மையில் அந்த 8 டிகிரி காலையிலேயே வந்து போயிருக்கும். நண்பகலுக்குப் பின் குளிர்காற்று புகுந்து, மாலை நேரத்துக்குள் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டிருக்கும். வேலைக்குப் போகும்போது மழையில் நனைந்த அதே பாதையில், திரும்பி வரும்போது கண்ணாடி போன்ற பனிக்கட்டி படிந்திருக்கும். உச்சமும் தாழ்வும் எவை என்பதைவிட, எது முதலில் வருகிறது, எவ்வளவு விரைவாக மாறுகிறது, எந்த மணிக்குப் பூச்சியத்தைக் கடக்கிறது என்பவையே அன்று வாசகருக்குத் தேவையான செய்தி.

இது ஏன் இவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. வட அரைக்கோளத்தில் இத்தகைய தாழ்வழுத்தப் புயலின் முன்பகுதியில் தெற்கிலிருந்து ஈரமும் வெப்பமும் மிகுந்த காற்று வருகிறது. அதன் பின்னே வரும் குளிர் முகப்பு, அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு, கடந்ததும் காற்று மேற்குக்கோ வடமேற்குக்கோ திரும்பி, துருவப் பகுதியின் குளிரை இழுத்து வருகிறது. 2022 டிசம்பர் 21ஆம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரே மணிநேரத்தில் வெப்பநிலை 37 ஃபாரன்ஹீட் டிகிரி, அதாவது ஏறத்தாழ 20 செல்சியஸ் டிகிரி, சரிந்தது. அங்கே முன்னதாக மழை பெய்யவில்லை. ஆனால் அதே குளிர் 23ஆம் தேதி கிழக்குப் பகுதிகளை அடைந்தபோது, காலையில் மழையில் நனைந்திருந்த பல ஊர்களின் சாலைகள் சில மணிநேரத்திலேயே உறைந்து போயின.

பனியை உருக்குவது மழைதான் என்று பலரும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 8 டிகிரியில் பெய்யும் 25 மில்லிமீட்டர் மழை தன்னிடமுள்ள வெப்பம் முழுவதையும் கொடுத்தாலும் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீராகும் அளவுக்குத்தான் பனியை உருக்க முடியும். பெரும்பங்கு உருக்கத்தைச் செய்வது ஈரக்காற்றே. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பனியின் மேல் படிந்து நீராகும்போது, ஒவ்வொரு கிராமும் ஏழு கிராமுக்கு மேற்பட்ட பனியை உருக்கும் வெப்பத்தை வெளிவிடுகிறது; காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறதோ அவ்வளவுக்குப் புதிய நீராவி வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே மழை அளவு சிறியதாக முன்னறிவிக்கப்பட்ட நாளிலும், இரவு முழுவதும் பலத்த ஈரக்காற்று வீசுமானால், வெள்ளத்துக்கும் அதன்பின் உறைவுக்கும் மக்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். காற்றின் வேகத்தை மரம் விழும், மின்கம்பி அறும் என்பதோடு மட்டும் தொடர்புபடுத்தி எழுதுவது போதாது.

நெருங்கிக் கிடக்கும் பழைய பனி 30 சென்டிமீட்டர் இருந்தால் அதற்குள் 90 மில்லிமீட்டர் அளவு நீர் அடங்கியிருக்கலாம். முதலில் பெய்யும் மழையைப் பனி பஞ்சுபோல் தனக்குள் வாங்கிக்கொள்வதால், எதுவும் நடக்கவில்லை என்று நாம் எண்ணியிருப்போம். அது நிறைந்த பிறகு மழைநீரும் உருகிய நீரும் சேர்ந்தே வெளிவருகின்றன. கீழே நிலம் உறைந்திருப்பதால் மண் நீரை உறிஞ்சாது. சாலையோரத்து வடிகால் வாய்களோ, பனி அகற்றும் வண்டிகள் ஒதுக்கிவிட்ட குவியல்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும். 1996 ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பெரும் பனிப்புயல் அடித்து இரண்டு வாரம் நிறைவதற்குள் வெப்பமும் மழையும் காற்றும் சேர்ந்து வந்தபோது, மலைப்பகுதிகளின் பனி ஓரிரவில் கரைந்து ஆறுகள் கரைபுரண்டன. சஸ்குவெஹான்னா ஆற்றில் உடைந்து மிதந்து வந்த பனிக்கட்டிகள் ஹாரிஸ்பர்க் நகரின் பழைய வால்நட் தெருப் பாலத்தின் ஒரு பகுதியையே இடித்துக்கொண்டு போயின. எல்லாப் புயலும் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் அடைபட்ட ஒரு வடிகால் வாய், ஒரு தெருவின் நடைபாதை முழுவதையும் வாரக்கணக்கில் பனிக்கட்டித் தளமாக்கிவிடப் போதும்.

மழை ஓய்வதற்கும் நீர் உறைவதற்கும் இடையே சில மணிநேரம் கிடைக்கிறது. அந்த இடைவெளியைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத விரும்புகிறேன். அப்போது நீரில் ஊறி நொதநொதத்துக் கிடக்கும் பனிச்சேற்றை ஒரு சாதாரண மண்வாரியால் தள்ளிவிடலாம். உறைந்த பிறகோ இரும்புக் கடப்பாறைக்குக்கூட அது எளிதில் அசையாது. படிக்கட்டையும் வாசலையும் அப்போதே வழித்து, வீட்டெதிரே உள்ள வடிகால் வாயைத் திறந்துவிட்டு, கூரையிலிருந்து இறங்கும் பீலிக்குழாயின் வாய் நடைபாதையை நோக்கி இருந்தால் அதைத் திருப்பிவிட வேண்டும். உப்பை அதன் பிறகுதான் தூவ வேண்டும். மழைக்கு முன்பே தூவிய உப்பை மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதை நகர நிர்வாகங்களும் சில வேளை மறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரி அளவுக்குக் கீழே மிக மெதுவாகவே வேலை செய்யும் என்பதால், கடுங்குளிர் வருமென்று தெரிந்த நாளில் பிடிமானத்துக்கு மணலையும் கையில் வைத்திருப்பது நல்லது. வெந்நீரை ஊற்றிக் கரைக்கலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து அதைக் கைவிட வேண்டும். அந்த நீரும் சற்று நேரத்தில் உறைந்து, இருந்ததைவிட வழவழப்பான தளத்தையே உண்டாக்கும்.

இந்த இடைவெளியைப் பயன்படுத்த முடியாதவர்களும் இருக்கிறார்கள். பிற்பகல் வேலைக்குச் சென்று நள்ளிரவில் திரும்புகிறவர்களும், அதிகாலையில் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் துப்புரவுப் பணிக்குப் போகிறவர்களும், பேருந்து நிறுத்தம் வரை நடந்தே செல்லும் முதியவர்களும் உறைந்து முடிந்த தெருவைத்தான் சந்திக்கிறார்கள். கறுத்த சாலையின் மேல் படிந்த மெல்லிய பனிக்கட்டி வெறும் ஈரமாகவே கண்ணுக்குத் தெரியும். அடியிலும் காற்றோட்டம் இருப்பதால் பாலங்கள் மற்றச் சாலைகளுக்கு முன்பே உறைந்துவிடும். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி இருக்கும்போது பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால், கடுங்குளிரில் இருப்பதைவிட அப்போதுதான் அது அதிகமாக வழுக்கும். முதன்மைச் சாலைகளுக்கு உப்பு வண்டிகள் உடனே வந்துவிடுகின்றன; நடைபாதைகளுக்கும் பேருந்து நிறுத்தங்களுக்கும் மறுநாளே முறை வருகிறது. காரில் போகிறவர்களுக்கு முதலிடமும் நடந்து போகிறவர்களுக்குக் கடைசி இடமும் தருகிற இந்த வரிசை நியாயமானதன்று. நகர நிர்வாகங்கள் இதை மாற்ற வேண்டும் என்று தங்கள் இதழ் வலியுறுத்தி எழுதினால் அது பெரும் உதவியாக இருக்கும்.

மின்தடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பலத்த காற்றில் மின்சாரம் நின்றுபோகும் அதே வேளையில்தான் உருகிய நீர் நிலக்கீழ் அறைகளை நோக்கி வருகிறது. அதை வெளியேற்றும் பம்பு மின்சாரம் இல்லாமல் ஓடாது. எனவே ஆவணங்களையும் மருந்துகளையும் முதல் நாளே மேலே எடுத்து வைப்பது அவசியம். ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள்ளோ கார்க் கொட்டகைக்குள்ளோ இயக்கவே கூடாது. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 1998 ஜனவரியில் கனடாவின் கிழக்குப் பகுதியைத் தாக்கிய உறைமழைப் (விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறையும் மழை) புயலின்போது இந்த வாயு பல உயிர்களைப் பறித்தது.

கனடாவின் வானிலைத் துறை, ஈரமான தரை திடீரென உறையவிருக்கும் வேளைகளுக்கென்றே தனி எச்சரிக்கை ஒன்றை வெளியிடும் வழக்கம் உடையது. மற்ற நாடுகளின் வானிலை மையங்களும் மணிவாரியான வெப்பநிலை முன்னறிவிப்பைப் பொதுமக்களுக்குத் தருகின்றன. ஆகவே செய்தியாளர்கள் புதிதாகத் தேடித் திரட்ட வேண்டியது எதுவும் இல்லை. தரையில் பனி கிடந்து, மழையும் அதன்பின் கடுங்குளிரும் எதிர்பார்க்கப்படும் நாள்களில், மழை எப்போது ஓயும், காற்று எப்போது திசை திரும்பும், வெப்பநிலை எந்த மணிக்குப் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும் என்ற மூன்றையும் முதல் பக்க வானிலைப் பெட்டியிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆங்கில வானொலியைப் பின்தொடர இயலாத நம் பெரியவர்கள் பலர் காலையில் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்