எங்க போட்ல பாட்டுக்கு தனி பெட்டரி போட உதவின எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா எழுதணும் எழுதணும்னு இருந்து இன்னிக்கித்தான் உக்காந்தேன். கொழும்பு முகத்துவாரம் பக்கம் உள்ளவங்களுக்கு நம்ம போட்ட தெரியும், 24 அடி ஃபைபர், உள்ளுக்கு டீசல் இஞ்சின், அப்பா வாங்கினது, இப்ப நான் குடும்பங்கள ஏத்திக்கிட்டு களனி ஆத்துல ட்ரிப் போறேன். வாறவங்க முதல்ல கேக்குறதே பாட்டு இருக்கான்னுதான். அதனால நாலு ஸ்பீக்கரும், அதுக்கு சத்தத்த பெருக்கி குடுக்குற ஒரு அம்ப்பும் வாங்கி, இஞ்சின் ஸ்டார்ட் பண்ற அதே பெட்டரியிலயே வயர குடுத்து வெச்சிருந்தேன். கார்ல அப்பிடித்தானே இருக்கு, போட்லயும் சரிவரும்னு நெனச்சேன்.

பெப்ரவரி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, வெளியாள் யாரும் இல்ல, எங்க வீட்டு ஆக்கள் மட்டும். அம்மா, தங்கச்சி, தங்கச்சிட ரெண்டு பிள்ளைகள். கழிமுகத்துக்கு கொஞ்சம் மேல நங்கூரம் போட்டு, இஞ்சின நிப்பாட்டி, சாப்பிட்டு, பைலா போட்டு ஆடி, நாலு மணித்தியாலம் போயிருக்கும். திரும்ப சாவிய திருப்பினா "டிக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். திருப்பி திருப்பி பாத்தாலும் டிக், டிக். ஸ்டார்ட்டர் மோட்டருக்கு ஒரு ரெண்டு செக்கன்தான்னாலும் நூறு அம்பியருக்கு மேல வேணும், அத குடுக்க பெட்டரியில ஒண்டும் மிச்சமில்ல. தண்ணி வத்துற நேரம், நங்கூரம் வழுக்கி போட் மெதுவா வாய்ப்பக்கம் இழுபடுது, அங்கால கடல். அம்மா ஜெபமாலைய கையில சுத்திக்கிட்டு ஒண்டும் பேசாம இருந்தாங்க. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

அந்த நேரம் மீன் புடிச்சிட்டு திரும்பி வந்த ஒரு ஃபைபர் போட்ல ரெண்டு தம்பிமார். கேக்க முந்தியே நீலக் கயிற எறிஞ்சி, கட்டி, துறை வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்து விட்டாங்க. எண்ணெய்க்காவது சல்லி வாங்குங்கன்னு எவ்வளவு சொல்லியும் வாங்கல, மீன் ஐஸ்ல போடணும்னு உடனே திரும்பிட்டாங்க. முதல் நன்றி உங்களுக்குத்தான் தம்பிமாரே.

அடுத்த நாள் வாகன சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு போனேன், பெரிய பெட்டரி ஒண்டு போட்டா சரியாகும்னு. ஒரு கடையில பெரிய லொறி பெட்டரி ஒண்ட உடனே தூக்கி தந்துட்டான், வாங்கவும் போனேன். ஆனா பக்கத்து கடை அக்கா, என்னத்துக்குன்னு விசாரிச்சிட்டு, "அத வாங்காதீங்க, ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க"ன்னு சொன்னாங்க. லொறி பெட்டரியும் ஸ்டார்ட் பண்ற பெட்டரிதான், அதுக்கு உள்ளுக்கு தகடு மெல்லிசு, நெறைய தகடு, ஒரே அடியில கரண்ட அள்ளி குடுக்கத்தான் அது. மெதுவா மணிக்கணக்கா எறக்கி எடுத்தா அந்த தகடு கெட்டுப்போகும். பாட்டுக்கு வேணும்னா தகடு தடிச்ச டீப் சைக்கிள் பெட்டரி வேணும், அதுவும் தண்ணி ஊத்துறது இல்லாத சீல் பண்ணின, ஏஜிஎம்னு சொல்ற வகை, ஏன்னா தண்ணி பெட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், போட்ல மூடின பெட்டிக்குள்ள அது ஆபத்து. இதெல்லாம் கடையில வேற கஸ்டமர் நிக்க நிக்க எனக்கு விளங்கப்படுத்தினாங்க. அண்டைக்கு ஒண்டும் விக்கல. "எத்தன அம்பியர் எடுக்குதுன்னு கணக்கு பாத்துட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அக்கா, உங்கட அந்த நேர்மைய நான் எல்லா இடத்துலயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.

கணக்கு போட்டது எங்க பக்கத்து வீட்டு தங்கச்சி, கெம்பஸ்ல இஞ்சினியரிங் படிக்கிறா. அவட சீ.ஆர். கொப்பியில ஒரு பக்கம் முழுக்க எழுதி, அந்த பக்கத்தையே கிழிச்சி தந்தா, இன்னும் என் பர்ஸ்ல இருக்கு. அம்ப் 300 வாட். அதுல கொஞ்சம் வீணா சூடாகிப் போறதையும் சேத்தா 375 வாட் எடுக்கும், பெட்டரியில இருந்து 30 அம்பியர். ஆனா பாட்டு எந்நேரமும் உச்சத்துல போறதில்ல, சராசரி மூணுல ஒரு பங்குன்னு எடுத்தா 10, பாட்டு ஓடுற செட்டுக்கு இன்னொரு 2, ஆக 12 அம்பியர். ஆறு மணித்தியாலத்துக்கு 72 அம்பியர்-அவர், அதாவது அம்பியர மணித்தியாலத்தால பெருக்கினது. இந்த வகை பெட்டரிய பாதிக்கு கீழ எறக்கினா ஆயுசு கொறையும்னு சொல்லி, 100 அம்பியர்-அவர் பெட்டரி ரெண்டு போடுங்கண்ணான்னா. ரெண்டும் ஒரே பிராண்ட், ஒரே நேரம் வாங்கினதா இருக்கணும், பழசோட புதுச சேத்தா பழசு புதுசயும் இழுத்துக்கிட்டு போயிரும்னு அடிச்சி சொன்னா. லித்தியம் போடலாமான்னு கேட்டேன். அது நேரா அல்டர்னேட்டர்ல, அதாவது இஞ்சின் ஓடும்போது பெட்டரிய சார்ஜ் பண்றதுல, குடுத்தா அளவில்லாம கரண்ட இழுத்து அல்டர்னேட்டரையே எரிக்கலாம், இடையில கரண்ட அளவோட விடுற டீசி டு டீசி சார்ஜர் வேணும், இப்ப செலவு கூடன்னா. தங்கச்சி, பரீட்சை நேரத்துலயும் எனக்காக நேரம் ஒதுக்கினீங்க, மறக்க மாட்டேன்.

இனி வயரிங் வேலை செய்யுற மாளிகாவத்தை பாஸ் நானா. இவர பத்தி எழுத இடம் காணாது. எழுபது தாண்டின மனுசன், ஜும்மா முடிஞ்சி நேரா துறைக்கு வந்து, சாரத்த மடிச்சி கட்டிக்கிட்டு, என் பழைய வயர ஒரு சாண் வெட்டி, ரப்பர உரிச்சி என் உள்ளங்கையில வெச்சாரு. செம்பு நெறமே இல்ல, கருப்பும் பச்சையுமா, நகத்தால கீறினா பொடியா கொட்டுது. உப்புக்காத்து ரப்பருக்கு உள்ளுக்கே ஏறியிருக்கு. "மகன், கடலுக்கு வெள்ளீயம் பூசின வயர்தான், இல்லாட்டி வருசா வருசம் நான் வரணும்"னாரு. ஒரு நூல எடுத்து பெட்டரியில இருந்து அம்ப் வரைக்கும் அளந்தாரு, 5 மீட்டர், போக வர 10. பழசு 6 சதுர எம்எம், முழு லோட்ல அதுலயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் காணாம போகும். 25 சதுர எம்எம் போட்டாரு, இப்ப 0.2தான்.

ரெண்டு பெட்டரியையும் பெரலல்ல, அதாவது பிளஸோட பிளஸ், மைனஸோட மைனஸ் சேத்து கட்டி, பிளஸ ஒரு பெட்டரியில இருந்தும் மைனஸ மத்த பெட்டரியில இருந்தும் எடுத்தாரு, அப்பத்தான் ரெண்டும் ஒரே அளவு வேலை செய்யும். ஃபியூஸ் அம்ப்புக்கு பக்கத்துல போதும்னு நான் சொல்ல, கோவமே வந்திட்டு அவருக்கு. வயர் எங்கயாவது உரசி ஷோர்ட் ஆனா ஃபியூஸுக்கு முந்தின துண்டுதானே தீப்புடிக்கும், அதனால பெட்டரியில இருந்து ஒரு சாணுக்குள்ள, 18 சென்டிமீட்டருக்குள்ள, ஃபியூஸ் இருக்கணும்னாரு. அப்பிடியே செஞ்சாரு. ஸ்டார்ட் பெட்டரிக்கும் பாட்டு பெட்டரிக்கும் நடுவுல ஒரு ரிலே, தானா வேலை செய்யுற சுவிட்ச். இஞ்சின் ஓடி 13.3 வோல்ட்டுக்கு வந்தா ரெண்டு பக்கத்தையும் சேக்கும், 12.8க்கு எறங்கினா பிரிச்சிரும், அதனால பாட்டு என்ன குடிச்சாலும் ஸ்டார்ட் பெட்டரிய தொட ஏலாது. இஞ்சின் வேகம் கூட கூட ஸ்பீக்கர்ல "ங்ங்ங்"னு ஒரு சத்தம் ஏறுமே, அம்ப்புட மைனஸ இஞ்சின்ல இருந்து கழட்டி நேரா புது பெட்டரி மைனஸுக்கு கொண்டுபோனதும் அதுவும் நிண்டிட்டு. ரெண்டு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலிதான் எடுத்தாரு. நானா, அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுச தரணும்.

பெட்டரி அசையாம ட்ரே ஒட்டி தந்த வெல்டிங் பாஸுக்கும், ஒவ்வொண்டும் முப்பது கிலோ வாற பெட்டரிய த்ரீவீல்ல ஏத்தி எறக்கின மச்சானுக்கும் நன்றி.

போன ஞாயிறு அதே இடத்துல நங்கூரம் போட்டு அஞ்சி மணித்தியாலம் பாட்டு போட்டோம், அம்மாவும் வந்தாங்க. மீட்டர வெச்சி பாத்தேன், பாட்டு பக்கம் 12.4 வோல்ட், ஸ்டார்ட் பெட்டரி 12.7ல அப்பிடியே நிக்குது. சாவிய அம்மா கையிலயே குடுத்தேன். திருப்பினாங்க, ஒரே தரத்துல இஞ்சின் புடிச்சிட்டு. அவங்க சிரிச்சத நீங்க எல்லாரும் பாத்திருக்கணும்.

இழுத்துக்கிட்டு வந்த தம்பிமாரே, உங்கட பேர் கேக்க கூட நேரம் கெடைக்கல. நீலக் கயிறு என்கிட்டத்தான் இருக்கு, நல்ல தண்ணியில கழுவி காய வெச்சி, சுத்தி போட் முன்பக்க பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமையில காலைல ஒன்பது மணி வரைக்கும் நான் துறையிலதான் நிப்பேன், வந்து வாங்கிக்கங்க, அம்மா சமைச்சி வைக்கிறேன்னு சொல்லியிருக்காங்க.