சர்ச்சுக்கு அடியில முங்குன மனுஷன்

டேய் மாப்ள,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலன்னு திட்டாத, பையன் வீட்ல செம குளிரு, காலைல எட்டு மணிக்குத்தான் விடியுது, போர்வைய விட்டு வெளிய வரவே மனசு வரல. உன் முட்டி வலி தேவலையா? மாடி ஏறாதன்னு சொன்னா கேக்கவா போற.

போன வாரம் இங்க இங்கிலாந்துல வின்செஸ்டர் கதீட்ரல்னு ஒரு பெரிய சர்ச்சுக்குப் போயிருந்தோம். 1079ல ஆரம்பிச்ச கட்டடம், நீளம் 170 மீட்டர், அண்ணாந்து பாத்து பாத்து கழுத்து பிடிச்சுக்கிச்சு. நாவல் எழுதுன ஜேன் ஆஸ்டின் கல்லறையும் அங்கதான் இருக்கு, உன் தங்கச்சி அங்கயே நின்னுட்டா. எனக்கு மட்டும் அங்க பூரா உன் நெனப்புதான், ஏன்னா வாழ்க்கை முழுக்க அஸ்திவாரம் போட்டவன் நீ.

அந்த இடமே சதுப்பு டா. 13ஆம் நூற்றாண்டுல கிழக்குப் பக்கம் இழுத்துக் கட்டும்போது பீச் மரத்த அடுக்கி அது மேல சுவர ஏத்திட்டாங்க. ஏழு நூறு வருஷம் ஓட்டிட்டாங்க, அப்புறம் சுவரெல்லாம் வெளிய சாஞ்சு விரிசல். தோண்டுனா தண்ணி ஊறுது, பம்ப் வச்சு இறைச்சா மண்ணும் சேந்து வந்து மொத்தமா உக்காந்துரும்னு பயம். கடைசில ஒரு டைவர கூட்டிட்டு வந்திருக்காங்க! வில்லியம் வாக்கர்னு பேரு. 1906லருந்து 1911 வரைக்கும் தினம் ஆறு மணி நேரம், ஆறு மீட்டர் ஆழத்துல, ஒரே கலங்கல், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, கையால தடவித் தடவியே குழிக்கு அடில கான்கிரீட் மூட்டைய அடுக்கி ஊத்த அடைச்சிருக்காரு, அதுக்கப்புறம் தண்ணிய இறைச்சுட்டு கொத்தனாருங்க எறங்கி செங்கல் கட்டிருக்காங்க. 25,800 மூட்டையாம். நீ நாலு லோடு சிமெண்ட் லேட்டாச்சுன்னு சைட்ல கத்துவியே, ஞாபகம் வந்துச்சு.

கூத்து என்னன்னா, 1964ல அவருக்கு ஒரு சின்ன சிலை வச்சாங்க, போட்டோவ மாத்திப் பாத்து இன்ஜினியர் பிரான்சிஸ் ஃபாக்ஸ் மூஞ்சிய செஞ்சு வச்சுட்டாங்க! 2001லதான் சரியான ஆள வச்சாங்க. அங்கயும் பேரு இன்ஜினியருக்குத்தான் பாத்தியா, உன் ஜாதி.

கீழ நிலவறைல இப்பவும் குளிர்காலத்துல தண்ணி ஏறிருது, எட்டித்தான் பாக்க விட்டாங்க. தண்ணிக்குள்ள ஒரு ஆள் சிலை, கைய குவிச்சு குனிஞ்சு பாத்துட்டு தனியா நிக்குது.

சரி, அந்த மண்ணுக்கு இன்னிக்கு உன்ன கூப்ட்டா என்ன பண்ணுவ, ஆழமா தூண் எறக்கி பைல் போடுவியா? நிதானமா யோசிச்சு எழுது, மார்ச்ல ஊருக்கு வந்து டீக்கடைல சண்ட போடலாம்.

உன்
மச்சான்