செயலாளரின் ஆண்டறிக்கை: எம் 77-இன் தூசு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, பள்ளிகளுக்குத் தொலைநோக்கியை எடுத்துப் போனோம், வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது நம் படிப்பு வட்டம் எடுத்துக்கொண்ட வேலையைத்தான்: எம் 77 விண்மீன் மண்டலத்தின் மையத்தில் உள்ள தூசு.

மழை ஓய்ந்த தை மாத முன்னிரவில் மொட்டை மாடித் தொலைநோக்கியில் அது ஒரு மங்கலான திட்டு, அவ்வளவுதான். நடுவில் பெருங்கருந்துளை ஒன்று வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் குறுக்கே தூசு நிற்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்த இடத்தை நேராகப் பார்க்க வழியில்லை. 1985-ல் ஆன்டனூச்சி, மில்லர் என்ற வானியலாளர்கள், சிதறி வரும் முனைவாக்கப்பட்ட ஒளியை (ஒரே திசையில் அதிரும் ஒளியை) மட்டும் பிரித்துப் பார்த்து, கருந்துளைக்கு அருகே வேகமாகச் சுழலும் வாயுவைக் காட்டும், மறைந்திருந்த அகன்ற நிறமாலைக் கோடுகளைப் பிடித்தார்கள். தூசு உளுந்து வடை மாதிரி வளையமாக மையத்தைச் சுற்றியிருக்கிறது, நாம் அதைப் பக்கவாட்டில் பார்க்கிறோம் என்ற கருத்து அதன்பிறகுதான் வலுத்தது.

சரி, தூசை எப்படிப் படிப்பது? மையத்தின் புறஊதா ஒளியை வாங்கிச் சூடாகும் தூசு அதை அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. சில நூறு கெல்வின் சூட்டில் 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டிப் பளிச்சிடும், 1500 கெல்வின் அளவுக்குப் போனால் துகளே ஆவியாகிவிடும். ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி எடுத்த நிறமாலைகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் கல்லூரி உறுப்பினர்கள் அவற்றை இறக்கி வரைபடம் போட்டபோது எம் 77-க்கு 9.7 மைக்ரான் அருகே கோடு பள்ளமாக இறங்கியது; குறுக்கே நிற்கும் தூசிலுள்ள சிலிகேட் அந்த ஒளியை விழுங்கிய தடம் அது, நம் பாறைகளில் இருக்கும் அதே வகை. மையம் திறந்து தெரியும் குவேசர்களை (மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்களை) போட்டால், சூடான தூசே நேராக ஒளிர்வதால் அதே இடத்தில் மேடு! பல ஆண்டுகளாகத் தேடப்பட்ட அந்த மேட்டை 2005-ல்தான் ஸ்பிட்சர் தெளிவாகக் காட்டியது. என்னைக் கேட்டால், இந்த ஆண்டு நாம் கண்ட காட்சிகளில் இதற்கு மேல் எதுவும் இல்லை.

ஆனால் வளையம் மட்டுமே முழுக்கதை இல்லை. சிர்சினஸ் என்ற இன்னொரு விண்மீன் மண்டலத்தில் தூசின் நடு அகச்சிவப்பு ஒளியில் பெரும்பகுதி வளையத்திலிருந்து வரவில்லை, முனைத் திசையில், அதாவது வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தாக, நீண்டு கிடக்கும் தூசிலிருந்து வருகிறது என்று சிலியின் பரனாலில் தொலைநோக்கிகளை இணைத்து அளந்து காட்டிவிட்டார்கள். அந்தத் தூசைக் கதிர்வீச்சின் அழுத்தம்தான் மேலே தள்ளுகிறதா என்ற கேள்வியை வரும் ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் மிரி என்ற அகச்சிவப்புக் கருவி 5 முதல் 28 மைக்ரான் வரை பார்ப்பதால் தரவுக்குப் பஞ்சமில்லை, ஆள்தான் வேண்டும். பைத்தான் கணினி மொழி தெரிந்தவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். கற்றுக்கொள்ள நினைப்பவர்களும் தயங்காமல் வாருங்கள், சொல்லித்தர ஆள் இருக்கிறது.