அடுப்பை எப்போது அணைப்பாய், மாப்பிள்ளை?

அன்புள்ள மாப்பிள்ளை,

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ அனுப்பிய படம் கிடைத்தது. அது ஆம்லெட் என்று கீழே எழுதியிருந்ததால் பிழைத்தது. இல்லாவிட்டால் செருப்புக்குள் போடும் அட்டை என்று நினைத்திருப்பேன். முந்தின வாரம் முட்டை அவித்து அனுப்பிய படமும் கண்ணில் நிற்கிறது. ஓட்டோடு பாதி வெள்ளைக்கரு போய்விட்டது, மீதி எலி கொறித்த தேங்காய் மாதிரி இருந்தது. "எனக்குக் கைப்பக்குவம் இல்லை மாமா, இனிமேல் ஹோட்டல்தான்" என்று எழுதியிருந்தாய். உன்னைப் போல அறை எடுத்துத் தங்கிச் சமைக்கத் தொடங்கி, மூன்றாவது வாரத்திலேயே கைவிட்ட பிள்ளைகள் வேறு இருப்பார்கள் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

கைப்பக்குவம் ரசத்துக்கு வேண்டும், வற்றக்குழம்புக்கு வேண்டும். முட்டைக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். உன்னிடம் இருப்பது ஒரே ஒரு குறை: எதைச் செய்தாலும் ஒரு நிமிடம் தாமதமாக இறக்குகிறாய். ஆட்டுக்கறிக்கு விசில் எண்ணும் வீட்டில் வளர்ந்தவன் அல்லவா, இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்றுதான் உனக்குத் தோன்றும். வெள்ளைக்கரு 62 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கிவிடும். மஞ்சள்கரு 70 டிகிரியை எட்டும்போது கெட்டியாகிவிடும். கொதிக்கிற தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரி, காய்ந்த தோசைக்கல் அதற்கும் மேல். உறைந்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே இருந்தால் முட்டை தன்னிடம் உள்ள தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிட்டு இறுகும். நீ ரப்பர் என்று சொன்னது அதைத்தான். இன்னொன்று, அடுப்பை அணைத்துவிட்டாலும் கல்லின் சூட்டில் முட்டை வெந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே சரியாக வெந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரியும் நேரம், இறக்குவதற்குப் பிந்திய நேரம்.

உன் அம்மாவைக் கேட்டுப்பார், சத்துணவு முட்டையைப் பற்றிச் சொல்வாள். 1989-இல்தான் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் முட்டை போடத் தொடங்கினார்கள். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று. வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்பது 2010-இல் வந்தது. முட்டை போடத் தொடங்கிய அந்த 1989-இல் எனக்கு ஐந்து வயது, பள்ளியில் சேர்க்கவில்லை. அக்கா தன் முட்டையைச் சாப்பிடாமல் நோட்டுக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாள். கத்தியால் வெட்டினால் மஞ்சள்கரு உதிர்ந்து யாருக்கு எவ்வளவு என்று சண்டை வரும். அதனால் தையல் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு நுனியை வலது கையில் விறைப்பாக இழுத்து, இடது கையில் இருக்கும் முட்டையை நூலின் மேல் ஏற்றி இறக்குவாள். பிசிறு இல்லாமல் இரண்டாகப் பிளந்துவிடும். மஞ்சள்கருவைச் சுற்றிப் பாசி படர்ந்த மாதிரி ஒரு பச்சை வளையம் இருக்கும். அது முட்டைக்கு இயற்கையாக உள்ளது என்று கல்லூரிக்குப் போகும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். அண்டாவில் நெடுநேரம் கொதித்து, இறக்கிய பிறகும் அதே வெந்நீரில் கிடந்ததால் வந்த வளையம் அது. வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்புச்சத்தும் அதிகச் சூட்டில் சேர்ந்தால் அந்த நிறம் வரும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, வாடைதான். முட்டை நாற்றம் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த வளையத்தைத்தான் திட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு.

நீ அவிக்கும்போது பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பில் ஏற்றாதே. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக இறக்கு. உரிப்பதற்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஈரோட்டில் எனக்கு ஒன்பது நிமிடம் போதும். நீ பெங்களூரில் இருப்பவன், உனக்குப் பத்து. வேடிக்கைக்குச் சொல்லவில்லை: பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 97 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். மஞ்சள்கரு அல்வா மாதிரி இளகலாக வேண்டுமென்றால் ஏழரை நிமிடத்தில் எடு. எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் போடு, பத்து நிமிடம் அப்படியே கிடக்கட்டும்.

உரிப்பதில் உன் தவறு பாதிதான், மீதி முட்டையுடையது. புதிதாக இட்ட முட்டையில் வெள்ளைக்கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நாளாக நாளாக ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறும், வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும், பிடிப்பு விட்டுவிடும். ஆகவே அவிப்பதற்கு ஒரு வாரம் ஆன முட்டை, ஆஃப் பாயிலுக்குப் புதிய முட்டை. உன் தெருக் கடைக்காரர் "நேற்று வந்த சரக்கு தம்பி" என்று பெருமையாகச் சொன்னால் ஆம்லெட்டுக்கு வாங்கிக்கொள். உரிக்கும்போது அகலமான முனையில் தட்டு, அங்கேதான் காற்றறை இருக்கும். ஓட்டை மட்டும் கிள்ளாமல் சவ்வுக்கு அடியில் கட்டைவிரலை நுழைத்தால் பட்டையாகக் கழன்றுவரும்.

இனி அந்தச் செருப்பட்டை. உன் இண்டக்ஷன் அடுப்பின் மேல் எனக்குச் சந்தேகம். விலை குறைந்த அடுப்புகளில் சூட்டைக் குறைத்து வைத்தால் உண்மையில் அது குறைவதில்லை. முழுச் சூட்டில் சில நொடி எரிந்து, சில நொடி நின்று, மறுபடி எரியும். மெல்லிய கல்லில் அந்த முழுச் சூடு நேராக முட்டையில் இறங்கும். அக்கா கொடுத்தனுப்பிய இரும்புத் தோசைக்கல்லைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடு. அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, அடித்த முட்டையை ஊற்று, ஓரம் வெளுத்ததும் அடுப்பை நிறுத்திவிடு. மூடி போட்டு ஒரு நிமிடம் நில். திருப்பிப்போடவே வேண்டாம். இரும்புக் கல் வாங்கிவைத்திருக்கும் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி உப்போடு பிசைந்துவிட்டுப் பிறகு முட்டையை உடைத்து ஊற்று. எங்கள் அம்மா இரண்டு முட்டையில் ஒரு கரண்டி கடலை மாவும் கரைத்து ஐந்து பேருக்கு ஆம்லெட் போட்டாள். அது வறுமைக்காகச் செய்தது என்றாலும், ருசிக்காக நான் இப்போதும் செய்கிறேன்.

பொடிமாஸ் உனக்கே தெரியும். வெங்காயத்தின் ஈரம் போன பிறகு முட்டையை ஊற்று, ஊற்றியதும் பத்து எண்ணும்வரை கரண்டியை எடுக்காதே, பளபளப்பு மறையும் முன் இறக்கு. மிளகு கடைசியில்.

கலக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உனக்கு வேண்டிய பாடம் முழுவதும் அதில் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பரோட்டாக் கடைகளில் இது கிடைக்கும். பஸ் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் ஒரு கடை. அங்கே கல்லில் நிற்கும் மாஸ்டரின் கையைப் பார்ப்பதற்காகவே பரோட்டா ஆறும்வரை உட்கார்ந்திருக்கிறேன். எவர்சில்வர் டம்ளரில் முட்டையை உடைத்து, உப்பு, மிளகுத்தூள், அரைக் கரண்டி சால்னா விட்டு ஸ்பூனால் நாலு அடி அடிப்பார். நுரை வர அடிப்பதில்லை. கல்லில் எண்ணெய் புகையத் தொடங்கும்போது ஊற்றுவார், சொய்ங் என்று விரியும். அடுத்த நொடியே தோசைத் திருப்பியால் இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு, மேலும் கீழும் ஒவ்வொன்று. வெற்றிலை மடிக்கிற வேகம். ஊற்றியதிலிருந்து தட்டுக்கு வரும்வரை மனத்துக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறேன், இருபதைத் தாண்டியதில்லை. வெளியே மெல்லிய போர்வை, உள்ளே குழம்பாகத் ததும்பும். ஒருமுறை அவரிடம், எப்போது எடுக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "வேகலையேன்னு பயம் வரும்ல, அப்ப எடுத்திடணும்" என்றார். அந்தப் பயம் வரும் நொடியில்தான் நீ இன்னொரு நிமிடம் காத்திருக்கிறாய்.

கலக்கியை வீட்டில் செய்யச் சால்னா வேண்டியதில்லை. முந்தின நாள் கோழிக் குழம்போ தக்காளிக் குழம்போ இருந்தால் போதும். முதல் மூன்று முட்டை பொடிமாஸாகிவிடும், தின்றுவிடு. நான்காவது முட்டை சொன்னபடி கேட்கும். ஒன்று மட்டும் கவனம்: அரைவேக்காட்டு முட்டைக்குக் கீறல் விழாத, நல்ல முட்டையாகப் பார்த்து எடு; பாட்டி உன் அறைக்கு வரும்போது அவளுக்கு இதைப் போட்டுக் கொடுக்காதே. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முழுக்க வெந்த முட்டைதான்.

நாட்டுக்கோழி முட்டை வாங்கச் சொல்லி உன் அறை நண்பன் வற்புறுத்துவதாக எழுதியிருந்தாய். ஆசைக்கு வாங்கலாம். மஞ்சள்கருவின் நிறம் கோழி தின்ற தீனியைச் சொல்லும், புரதத்தைச் சொல்லாது. வெள்ளை முட்டையில் ஒன்றுக்கு ஆறு கிராம் புரதம் இருக்கிறது, மாதக் கடைசியில் உனக்கு அது போதும். நாமக்கல் முட்டை விலை தங்கம் விலை மாதிரி தினமும் செய்தித்தாளில் வருகிறது, ஒரு கண் வைத்துக்கொள். புரட்டாசியில் நம் பக்கம் பலர் அசைவத்தை நிறுத்துவார்கள், அப்போது விலையும் பெரும்பாலும் இறங்கும்.

உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பை இங்கே எழுதப் போவதில்லை. முட்டையை முதலில் கிண்ணத்தில் உடைத்து, கொதி அடங்கிய குழம்பில் ஓரமாகச் சரித்துவிட்டு, கரண்டி போடாமல் ஐந்து நிமிடம் மூடிவைப்பது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் குழம்பின் புளிப்பைக் கடிதத்தில் சொல்ல முடியாது. அடுத்த சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அரைக் கிலோ சின்ன வெங்காயம் உரித்து வை, குழம்பு மிளகாய்த்தூளை அக்காவிடம் நானே வாங்கி வருகிறேன். முட்டை பத்து வாங்கு. அதில் நாலு முட்டையை இன்றைக்கே வாங்கி வைத்துவிடு, அவிக்க வேண்டும். தையல் நூலும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மாமா
ஈரோடு